மேல்மாடத்துக் காது

பார்மா,
நவம்பர் 23

அன்பு மகள் நிவெஸுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மூடுபனி வந்தால் கூடவே வருகிறது. கடை ஓடுகிறது. இந்தக் காலத்துப் பையன்கள் முடி வெட்டிக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். கிழவர்களின் தாடையை மழித்துக் காலத்தைத் தள்ளுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ நம் ஊர் ஓபரா அரங்கில் பாட வருகிறாய் என்பதை நான் சுவரொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பாலத்தின் பக்கத்துச் சுவர். பசைகூடக் காயவில்லை. என் கூட்டாளி ப்ரிமோ சைக்கிளை விட்டு இறங்கி, தெருவே கேட்கும்படி சத்தமாகப் படித்தான்: "ஜனவரி மாசம். ஆட்டுக்காரக் கிழவியா வர்றது நிவெஸ் கிரார்தி. டேய் எர்மெத்தே, இது உன் பொண்ணு இல்ல?" எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டால், "போன வாரமே தெருமுனைக் காபி பாருக்குப் போன் பண்ணி, என்னக் கூப்பிடச் சொல்லிச் சொன்னா. உன்கிட்ட சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? அதான் சொல்லல" என்கிறாள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாதபோது உன் அம்மா செசிராவுக்கு எப்படித் தெரியும்? அதோடு விட்டாளா? "அப்பா அன்னிக்கு மேல்மாடத்துக்கு வர வேணாம்னு சொல்லும்மா" என்று நீ கேட்டுக்கொண்டதையும் சொன்னாள்.

நிவெஸ், நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அரங்கின் உச்சி வரிசையில், மேல்மாடத்து இரும்புத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். அங்கிருந்து மேடை தெரியாது. தெரியவும் வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் கீழே மெத்தை நாற்காலியில் உட்காரட்டும். நாங்கள் கேட்க வருகிறவர்கள். நான் மோதிரத்தால் தூணை ஒரு தட்டுத் தட்டினால் ப்ரிமோ பிடிக்கவில்லை என்று விசிலடிப்பான். ப்ரிமோ அடித்தால் மொத்த மேல்மாடமும் அடிக்கும். பாடியவர் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார். நான் எழுந்து நின்றால் எல்லோரும் கைதட்டுவார்கள். மிலானில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு டெனர், கதாநாயகனாகப் பாடுகிறவன், இங்கிருந்து அழுதுகொண்டே ரயில் ஏறியிருக்கிறான். பாவம்தான். ஆனால் அவன் தப்பாகப் பாடினான். எனக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு வந்த காது இது. அந்த மேல்மாடத்தில் யார் குரலையும் ஒரு வரி முடிவதற்குள் சொல்லிவிடக்கூடியவன் நான் ஒருவன்தான். என்னை வர வேண்டாம் என்கிறாய்.

காரணம் எனக்குப் புரியாமலில்லை. உன்னைப் பற்றி நான் மேல்மாடத்தில் சொல்லிவந்தது உனக்கு எட்டியிருக்கும். ஆமாம், சொன்னேன். கெட்டுப்போன சொப்ரானோ, வீணாய்ப்போன உச்சக்குரல் என்று சொன்னேன். பன்னிரண்டு வயதில் நீ கடை நாற்காலியில் ஏறி நின்று பாடினால் நுரை பூசிய முகத்தோடு வாடிக்கையாளர்கள் அழுவார்கள். அந்தக் குரல் மேலே மேலே போகும். அதைப் போய் உனக்குப் பாட்டுச் சொல்லித்தந்த அந்தப் பேராசிரியர், "இவ சொப்ரானோ இல்ல, மெட்ஸோ. கீழதான் இவளுக்குப் பொன்னு இருக்கு" என்று சொல்லி இறக்கிவிட்டார். நீயும் சரி என்றாய். அன்றிலிருந்து நான் அந்த ஆளுக்கு முடி வெட்டவில்லை. இனியும் வெட்டமாட்டேன்.

அன்று வீட்டில் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. எந்தக் கதையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். டெனர் காதலிப்பது சொப்ரானோவை. மெட்ஸோ என்ன செய்கிறாள்? கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். விஷம் கலக்கிறாள். பொறாமையில் வேகிறாள். அடுத்தவள் காதலுக்குத் தூது போகிறாள். எந்தத் தகப்பன் தன் பெண்ணை அப்படி நிற்க அனுப்புவான்?

அதுவும் ஒரே ஆளாக இருந்தால் பரவாயில்லை. உன் அம்மா சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் உன் படங்களை வரிசையாக வைத்திருக்கிறாள். ஒன்றில் மீசை அரும்பிய பையன். ஒன்றில் ராணி. ஒன்றில் மூக்கு நீண்ட சூனியக்காரி. ஒன்றில் தாதி. ஒன்றில் நரி. வாலோடு நிஜமான நரி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூனியக்காரியாகப் பாடிவிட்டு அன்று மாலையே ராணியாக நிற்பாயாம். அந்த ஜெர்மன் ஊர் காஸல் அரங்கத்தில் மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு எதைக் கொடுத்தாலும் பாட வைக்கிறார்களாம். வீட்டுக்கு வருகிறவர்கள் "இதுல உங்க பொண்ணு யாரு?" என்று கேட்கிறார்கள். நான் எந்தப் படத்தைக் காட்டுவது? எனக்குத் தலை சுற்றுகிறது.

நீ காஸலுக்குப் போன அன்று ரயிலடியில் உன் அம்மா, மேடை ஏறுகிறவர்களை நம் ஊரில் வாழ்த்தும் வழக்கப்படி, "ஓநாய் வாயில போடி" என்றாள். நீயும் முறைப்படி "ஓநாய் சாகட்டும்" என்று பதில் சொன்னாய். நான் சொல்லவில்லை என்று இன்னும் மனதில் வைத்திருக்கிறாயாம். அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மழைக்காலம். ஜெர்மனியில் பாடப் போகிறவரை வாழ்த்த, தோளுக்கு மேல் துப்புவார்களாமே? துப்பட்டும். அது அவர்கள் வழக்கம்.

ஜனவரியில் நான் தூணுக்குப் பின்னால்தான் இருப்பேன். காதில் விழுவதை வைத்துத்தான் தீர்ப்பு. மகள் என்று பார்க்கமாட்டேன்.

குளிரில் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு நடக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
எர்மெத்தே

*

பார்மா,
டிசம்பர் 27

நிவெஸுக்கு,

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டலில் இருப்பவளுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். ஒத்திகைக்கு முன்கூட்டியே வந்த நீ வீட்டில் தங்கவில்லை. "பாடுறவங்க பேசக் கூடாது. இந்த வீட்ல பேசாம இருக்க முடியுமா?" என்று உன் அம்மா உனக்காக வாதாடுகிறாள். தினமும் தூக்குவாளியில் சூப்பும் இறைச்சி அடைத்த அனொலினியும் எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போகிறாள். முழங்கால் வலி எங்கே போயிற்றோ.

நேற்று என்ன நடந்தது என்பதை நான் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது எனக்குப் புரிகிறதா பார்ப்போம்.

புனித ஸ்தேபான் நாள். ஓபராப் பருவத்தின் முதல் மாலை, உன் ஆட்டுக்காரி இல்லாத வேறொரு கதை. வழக்கம்போல் எல்லோரும் மேலே போய் உட்கார்ந்தோம். திரை விலகுவதற்கு முன் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆள் மேடைக்கு வந்தான். அவன் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நாங்கள் என்றைக்கு அவனைப் பேசவிட்டிருக்கிறோம்? வாயைத் திறப்பதற்கு முன்பே விசில். ப்ரிமோ இரண்டு விரலையும் வாயில் வைத்தான். நானும் வைத்தேன். சீமாட்டியின் ஏவல் பையனாக வேடமிட்டுப் பாட இருந்த வெளிநாட்டுக்காரிக்குக் காய்ச்சல் என்பதுவரை காதில் விழுந்தது. அவளுக்குப் பதில் யார் என்று அவன் சொன்ன பெயர் எங்கள் விசிலிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டது.

இரண்டாம் காட்சி. நான் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். ஒரு பையன் மூச்சு விடுவது கேட்டது. பாட்டு அல்ல, மூச்சு. மாடிப்படி ஏறி ஓடிவந்து, காதலிக்கிறவள் கதவுக்கு முன்னால் நின்று, தட்டப் பயப்படுகிறவனின் மூச்சு. அப்புறம்தான் குரல் வந்தது. அதை எப்படி எழுதுவது? பால் வாடை போகாத குரல். ஆனால் அடியில் ஒரு வெதுவெதுப்பு இருந்தது, ஊதி அணைத்த அடுப்பில் கை வைத்ததுபோல. ப்ரிமோ காதைக் கடித்தான்: "யார்டா இந்தப் பொண்ணு? ரோம்லேர்ந்தா?" நான் யோசிக்கவே இல்லை. "இந்தச் சுவாசம் வெனிஸ் பக்கம்டா" என்றேன். வெனிஸ் பக்கமாம்!

பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றேன். "இன்னொரு தடவை!" என்று கத்தினேன். அப்படி நான் கத்தி எத்தனையோ வருஷமாயிற்று. மேல்மாடம் முழுக்க என் பின்னால் எழுந்தது. அந்தப் பையன் இன்னொரு தடவையும் பாடினான். இரண்டாவது தடவை இன்னும் பயந்தான், இன்னும் நன்றாக இருந்தது.

முடிந்து படியிறங்கி வந்தால் கீழே உன் அம்மா நிற்கிறாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "இன்னொரு தடவைன்னு கத்தினது நீதானே? கூட்டத்துல உன் தொண்டை எனக்குத் தெரியாதா?" என்றாள். நான்தான் என்றேன். "பெத்த பொண்ணு குரல் தெரியல. பெரிய காதாம், காது!" என்றாள். ஒரு படி மேலே ப்ரிமோ நின்றுகொண்டிருந்தான்.

வெளிநாட்டுக்காரிக்குக் காய்ச்சல் என்று மத்தியானம்தான் உனக்குச் சொன்னார்களாம். ஜெர்மன் மொழியில் பாடிப் பழகிய பாத்திரத்தைச் சாயங்காலத்துக்குள் நம் மொழிக்கு மாற்றினாயாம். செசிராவுக்குத் தெரியும். ஓட்டல் சிப்பந்திக்குத் தெரியும். பாலத்துப் பூக்காரிக்குக்கூடத் தெரியும்.

மகளே, நான் நேராகக் கேட்கிறேன். அது யார்? உன் குரல் எனக்குத் தொட்டிலிலிருந்து தெரியும். நேற்றுக் கேட்டது அது இல்லை. அது நீ என்றால், நான் இத்தனை வருஷம் கோபித்துக்கொண்டிருந்தது யாரோடு? அந்தப் பேராசிரியர் சரியாகத்தான் சொன்னாரா? இல்லை, ஒரு மாலை அப்படி அமைந்துவிட்டதா? ராத்திரி முழுக்கப் புரண்டேன். உன் அம்மா தூங்கிவிட்டாள்.

இன்னொன்று. உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, தெரிந்திருப்பது நல்லது என்று எழுதுகிறேன். இன்று காலை ப்ரிமோ கடைக்கு வந்தான். நுரை பூசி, கத்தியை எடுத்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "தெரிஞ்சுதானே எழுந்து நின்ன?"

தெரியாது என்றேன்.

"ஒரு வரியில சொல்லிடுவேன்னு எங்க எல்லாரையும் நம்ப வச்சியே. அப்ப ஒண்ணு உனக்குக் காது இல்ல. இல்லேன்னா உனக்கு நேர்மை இல்ல. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

கத்தியை மேசையில் வைத்தேன். அவன் துண்டை உதறிவிட்டு எழுந்தான். "ஜனவரியில உன் தூண் சத்தம் எங்களுக்கு வேணாம். உன் பொண்ணு உள்ள வரும்போதே விசில்தான். அப்பன் தட்டிக்கொடுத்து மக வளர்ந்தான்னு நாளைக்கு எவனும் எங்க மேல்மாடத்தச் சொல்லக் கூடாது" என்று பாதி முகம் நுரையோடு தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

அவன் சொன்னால் செய்வான். கெட்டவன் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

விசில் வந்தால் நிற்காதே. வேகமாகவும் பாடாதே, பயந்தவர்கள்தான் வேகமாகப் பாடுவார்கள். மேலே அண்ணாந்து பார்க்காதே. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். உன்னை வர வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. அதேபோல் என்னை வர வேண்டாம் என்று சொல்ல உனக்கும் இல்லை.

சூப்பை ஆறவிடாமல் குடி.

அப்பா

*

பார்மா,
ஜனவரி 19

அன்பு மகள் நிவெஸுக்கு,

நீ ரயில் ஏறிவிட்டாய் என்று உன் அம்மா ரயிலடியிலிருந்து வந்து சொன்னபோது நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். நாளைக்கே காஸலில் வேறு ஏதோ ஒத்திகையாம். மூச்சு விடவும் நேரம் தரமாட்டார்களா உனக்கு?

நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அம்மாவிடம் கேட்டாயாம், "அப்பா வந்தாரா?" என்று. வந்தேன். சீக்கிரமே போனேன். தூணுக்குப் பின்னால் என் இடத்தில் யாருடையதோ கோட்டு விரித்திருந்தது. நான் அந்தக் கோட்டை எடுக்கவுமில்லை, கீழே போகவுமில்லை. எல்லோரையும் தாண்டி முன்னால் போய், கைப்பிடிக் கம்பியை ஒட்டி நின்றேன். அங்கிருந்து மேடை முழுக்கத் தெரிகிறது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. திரையில் அந்த மலையை வரைந்தவனை முதலில் விசிலடித்திருக்க வேண்டும்.

நீ வந்தாய். நீதான் என்று தெரிந்தேதான் பார்த்தேன், இருந்தாலும் தேடினேன். ஒரு நரைத்த கிழவி, கோலூன்றி, ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு. பிள்ளையைப் பிரபு கொன்றுவிட்டான், அவன் வரும் வழியில் காத்திருக்கிறாள். நீ வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் பின்னாலிருந்து விசில் கிளம்பியது. முதலில் ப்ரிமோ. அப்புறம் எல்லோரும். நான் அந்தச் சத்தத்துக்குள் எத்தனையோ தடவை இருந்திருக்கிறேன். ஆனால் முதுகில் வாங்கியதில்லை.

நீ நிற்கவில்லை. அவசரப்படவுமில்லை. பாறையில் உட்கார்ந்தாய். வாத்தியக்காரர்கள் உனக்காகக் காத்திருந்தார்கள். இடுப்பு வாரை அவிழ்த்து மரத்தில் மாட்டி, இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியைத் தீட்ட ஆரம்பித்தாய். போகும்போது ஒரு பக்கம், கத்தியின் முதுகைப் புரட்டி வரும்போது மறுபக்கம். அப்புறம் கத்தியைத் தூக்கி, கட்டைவிரலால் விளிம்பை மெல்ல நெருடி, தலையைச் சாய்த்து, காதருகே வைத்துக் கேட்டாய். கேட்டு முடித்ததும் இடது தோளில் ஒரு தரம் துடைத்தாய்.

எனக்கு முதலில் புரியவில்லை. கண்ணுக்குப் பழகிய ஏதோ ஒன்று, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. என்னை நானே எப்போது பார்த்திருக்கிறேன்?

விசில் அறுந்தது. மெல்ல ஓயவில்லை, கத்தியால் வெட்டியதுபோல் அறுந்தது. திரும்பிப் பார்த்தேன். ப்ரிமோ வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு அந்தக் கையால் தன் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்திலிருந்த தச்சனும் தடவிக்கொண்டிருந்தான். மேல்மாடத்தில் பாதிப் பேர் என் நாற்காலியில் அண்ணாந்து படுத்து, அந்தக் கத்தி காதுக்குப் போய்த் தோளுக்குப் போய் தங்கள் கழுத்துக்கு வருவதைப் பார்த்தவர்கள்தானே. ப்ரிமோ என்னைப் பார்த்து, "டேய்... அது நீதான்டா" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அந்த நிசப்தத்தில்தான் நீ பாட ஆரம்பித்தாய். மிகக் கீழே இருந்து. ஒரு பெண்ணின் குரல் அவ்வளவு கீழே போகும் என்று எனக்குத் தெரியாது. போனாலும் அங்கே மண் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் கதவைத் தட்டப் பயந்த பையன் இவளா? எந்த இடத்தில் அவன் போய் இவள் வருகிறாள்? இருவரையும் சேர்த்த அந்தத் தையல் எங்கே இருக்கிறது என்று காதால் தேடினேன், கண்ணாலும் தேடினேன். இரண்டும் ஒன்றையொன்று குழப்பின. இனி நான் தூணுக்குப் பின்னாலேயே போய்விடுவது நல்லது.

முடிந்ததும் ப்ரிமோ என்னிடம் வந்தான். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். பழக்கம், வேறென்ன. "சொல்லுடா. எப்படி?" என்றான்.

"தெரியலடா" என்றேன்.

"தெரியலையா? உனக்கா?"

"எனக்குத் தெரியலடா, ப்ரிமோ. நீங்களே பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டார்கள். முதலில் தச்சன் கைதட்டினான். அப்புறம் உனக்கே தெரியும், கீழே வரைக்கும் கேட்டிருக்கும். நான் மட்டும் தட்டவில்லை. தட்டினால் அப்பன் தட்டினான் என்பார்கள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் ப்ரிமோ கடைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டான். நான் கத்தியைத் தீட்டிவிட்டுக் காதருகே கொண்டுபோனவன், அப்படியே நிறுத்திவிட்டேன். கை எப்படிப் போக வேண்டும் என்று மறந்துவிட்டது. "உன் பொண்ண வரச் சொல்லு, அவ கரெக்டா பண்றா" என்கிறான் அந்தப் படுபாவி.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சொப்ரானோவாக இருந்தால் டெனர் உன்னைக் காதலித்திருப்பான். அதை நான் இன்னும் சொல்வேன். ஆனால் அன்று கிழவி உட்கார்ந்திருந்தபோது, சொப்ரானோ எந்தப் பக்கம் நின்றாள் என்று எனக்கு ஞாபகமில்லை. யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

அந்தக் கையசைவை எடுப்பதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ வீட்டை விட்டுப் போனபோது என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

அரங்கின் பின்வாசல்வரை வந்தேன். நிறையப் பேர் இருந்தார்கள். அப்புறம் எனக்குக் குளிராக இருந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அம்மா அனொலினியை இரண்டு பேருக்கு மேல் செய்து வைத்திருந்தாள். வேனிலில் உங்கள் அரங்கம் மூடியிருக்குமாமே. ஓட்டல் தேவையில்லை. நான் பேசாமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன். முடியாவிட்டால் கடையில் படுத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு மறுபடியும் சூனியக்காரியாமே. நிவெஸ், ஓநாய் வாயில் போ.

இதற்குப் பதில் சொல்லாவிட்டால் பலிக்காது, உனக்கே தெரியும். கடிதம் போய் வர நாளாகும். அதனால் சனிக்கிழமை மேடை ஏறுவதற்கு முன் பாருக்குப் போன் பண்ணு. அம்மாவைக் கூப்பிடச் சொல்லாதே. நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன், நானே எடுக்கிறேன். எடுத்ததும் "ஓநாய் சாகட்டும்" என்று மட்டும் சொல். யார் பேசுவது என்று உன் பெயரைச் சொல்லாதே. நானே கண்டுபிடிக்கிறேன்.

உன் அப்பா
எர்மெத்தே